பிரேக் மிதித்தால் வெள்ளை

புதன், மார்ச் 12

தம்பிக்கு,

நேற்றிலிருந்து போனில் பேசிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் நான் வாயைத் திறந்ததும் நீ கத்தினாய், நீ கத்தியதும் நான் கத்தினேன், பிறகு நீ வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் அது மேசை மேல் கிடந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் டிப்போ பஸ் ஒன்று தினமும் இந்தப் பக்கம் வந்து திரும்புகிறதே, அதன் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

நீ கேட்க மறுத்ததைச் சொல்கிறேன். நேற்று காலை என் வேனில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது பள்ளிக்கூடத்துத் திருப்பத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். எனக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர் சடாரென்று வலது பக்கம் ஒடித்து, நடுச் சுவரில் மோதி விழுந்தார். கடைத்தெரு முனையில் தையல் கடை வைத்திருக்கிறாரே, பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் தைப்பாரே, அவர்தான். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. நான் இறங்கி ஓடியபோது அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"ரிவர்ஸ் லைட்டு எரிஞ்சுச்சேம்மா! பின்னாடி வரீங்கன்னுல்ல நெனச்சேன்!"

வலியில் உளறுகிறார் என்று நினைத்தேன். வண்டிகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டரம்மா வந்தார். என்னை சீட்டில் உட்காரவைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றார். திரும்பி வந்தபோது அவர் முகம் போன போக்கே சரியில்லை. பிரேக் மிதித்தால் சிவப்பு எரியவில்லையாம். வெள்ளை எரிகிறதாம், இரண்டு பக்கமும்.

வண்டி இப்போது வீட்டு வாசலில் நிற்கிறது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாம், ஆனால் ஒரு திருகைக்கூட மாற்றக் கூடாது என்று உத்தரவு. அடுத்த வியாழக்கிழமை விசாரணை. கடைசியாக அந்த வயரிங்கைத் தொட்டது யார், ஏன் இப்படி ஆனது என்று நான் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் என் லைசென்ஸ் போகும். இன்று காலை பெற்றோர்கள் பிள்ளைகளை வேறு வண்டியில் அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அந்த வண்டியில் முன் விளக்கு முதல் நம்பர் பிளேட் விளக்கு வரை ஒவ்வொரு ஒயரும் நீ இழுத்தது. பதில் சொல்.

அக்கா


வியாழன், மார்ச் 13

அக்கா,

போனை நான் வைக்கவில்லை. நீ வைத்தாய். அது இருக்கட்டும்.

விளக்கு எரியவில்லை என்றால் உடனே எலக்ட்ரீசியன் சட்டையைப் பிடிப்பது ஊர் வழக்கம். நீயும் அதைச் செய்வாய் என்று நினைக்கவில்லை. நான் அந்த வண்டிக்கு வயரிங் செய்து எத்தனை காலம் ஓடியிருக்கிறது, ஒரு ஃபியூஸ் போயிருக்கிறதா? சொல்.

இது எர்த் கோளாறு. கேள். பல்புக்குள் போகும் கரன்ட் வண்டியின் பாடி வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். அது துருப்பிடித்து அடைத்துக்கொண்டால், கரன்ட் சும்மா இருக்காது. பக்கத்துப் பல்பின் வழியாகப் புகுந்து வெளியே போகப் பார்க்கும். அப்போது பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் முனகும், இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கு துடிக்கும். பேய் பிடித்த மாதிரி இருக்கும், ஆனால் காரணம் ஒரு துருப்பிடித்த போல்ட்டாக இருக்கும். போன மாதம் பெயிண்ட் அடித்தாய் அல்லவா? அந்தப் பெயிண்டர் விளக்கைக் கழற்றி மாட்டும்போது எர்த் போல்ட்டுக்கு அடியிலும் பெயிண்ட் பூசியிருப்பான். பெயிண்ட் வழியாகக் கரன்ட் போகாது.

இதைச் செய்து பார். நீளமான ஒயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸில் வை, மறு முனையைப் பின்விளக்கின் எர்த் போல்ட்டில் அழுத்திப் பிடி. அத்தானைப் பிரேக் மிதிக்கச் சொல். சிவப்பு எரிந்தால் நான் சொன்னது சரி. எதையும் கழற்றத் தேவையில்லை, இன்ஸ்பெக்டருக்கும் கோபம் வராது.

நான் இங்கே புது வேலையில் இருக்கிறேன். தினமும் பஸ் வருகிறது, போகிறது, மூச்சுவிட நேரமில்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ள என்னால் முடியாது.

தம்பி


சனி, மார்ச் 15

டேய்,

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். எடுத்த எடுப்பில் பெயிண்டரை இழுத்துவிட்டாய். சரி, நீ சொன்னதைச் செய்தேன்.

பேட்டரி மைனஸிலிருந்து ஒயர் இழுத்து, எர்த் போல்ட்டில் வைத்து, விரல் சிவக்க அழுத்திப் பிடித்துக்கொண்டேன். உன் அத்தான் பிரேக்கை மிதித்தார். வெள்ளை. அதுவும் முனகலாக இல்லை, மங்கலாக இல்லை. கண் கூசுகிற வெள்ளை. எர்த் போயிருந்தால் விளக்கு அழுமூஞ்சியாக எரியும் என்று எனக்கு ஒரு காலத்தில் சொன்னவனே நீதான். இந்தக் கடிதத்தில் மட்டும் "பளிச்சென்று எரிகிறதா, மங்கலாகவா" என்று ஏன் நீ கேட்கவில்லை? யார் போன் செய்தாலும் உன் முதல் கேள்வி அதுதானே?

அதோடு நான் விடவில்லை. அத்தானைப் பின்னால் நிற்கவைத்து ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்த்தேன். பார்க்கிங் போட்டேன், சரி. இடது, வலது, இரண்டும் சரி. நம்பர் பிளேட் விளக்கும் சரி. பிறகு இஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் திருகிவைத்து, ரிவர்ஸ் கியர் போட்டேன். பின்னாலிருந்து அவர் குரல் கொடுக்கிறார்:

"ஜம்முனு எரியுதும்மா! நல்லா செவப்பா எரியுது!"

அந்த மனுஷனுக்கு எதிலும் சந்தோஷம்தான். 

பிரேக்குக்கு வெள்ளை, ரிவர்ஸுக்குச் சிவப்பு. இது துருவும் இல்லை, பெயிண்டும் இல்லை. இரண்டு ஒயர் இடம் மாறியிருக்கிறது. எனக்கே தெரிகிறது, உனக்குத் தெரியாதா? நான் முதல் கடிதத்தில் எழுதியதைப் படித்த அந்த நிமிடமே உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே என்னை எர்த் போல்ட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்க வைத்திருக்கிறாய். அதற்காகவே இரண்டு அறை விடலாம்.

கடைசியாக அந்த ஒயர்களைத் தொட்டது யார்?

அக்கா


ஞாயிறு, மார்ச் 16

அக்கா,

அறை விடுவதற்கு நான் ஒன்றும் உன் வண்டியில் ஏறும் ஸ்கூல் பிள்ளை இல்லை. எனக்கும் கல்யாண வயது தாண்டிவிட்டது.

ஒயர் இடம் மாறியிருந்தால் மாற்றியவனைக் கேள். அந்த வண்டியில் கை வைக்காதவர் யார்? அத்தான் போன வருஷம் பின் கண்ணாடிக்கு மேலே கலர் விளக்குச் சரம் கட்டவில்லையா? நான் கத்திய பிறகுதானே கழற்றினார்? பல்ப் மாற்றுகிறேன் என்று இரண்டு இழை உள்ள பல்பைத் தலைகீழாகத் திருகி, பிரேக்கும் பார்க்கிங்கும் குழம்பியது யாரால்? அவருக்குக் கையில் ஸ்க்ரூடிரைவர் கிடைத்தால் குரங்கு கையில் கிடைத்த பூமாலைதான். பெயிண்டர் விளக்கையே கழற்றியவன். இவ்வளவு பேர் இருக்க, நேராக என்னிடம் வந்து நிற்கிறாய்.

நான் அன்று, மார்ச் இரண்டாம் தேதி, கிளம்புவதற்கு முன் பின் பம்பர் மேலிருந்த கப்ளரை மட்டும்தான் மாற்றினேன். எல்லா ஒயரும் வந்து சேரும் அந்தப் பிளாஸ்டிக் பெட்டி கருகிப்போயிருந்தது. விட்டிருந்தால் ஒருநாள் தீப்பிடித்திருக்கும். என்னைத் திட்டி அனுப்பிய வீட்டுக்கு, போகிற போக்கிலும் நல்லதுதான் செய்துவிட்டு வந்தேன். மாட்டிவிட்டுச் சரியாகச் சோதித்தும் பார்த்தேன். விளக்கு எரிந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

இதற்கு மேல் எழுதாதே. டிரைவர் கடிதம் கொடுக்கும்போது ஃபோர்மேன் பார்க்கிறார். "என்னப்பா, காதல் கடுதாசியா?" என்று கேட்கிறார். என்ன சொல்வது?

தம்பி


திங்கள், மார்ச் 17

"என் கண்ணால் பார்த்தேன்."

அந்த வரியை நேற்று இரண்டு முறை படித்தேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நீயாகவே சொல்லிவிட்டாய்.

நான் எதையும் கழற்றவில்லை. பம்பருக்குக் கீழே சாக்கை விரித்துப் படுத்து, டார்ச் அடித்து, நீ போட்ட புதுக் கப்ளரைப் பார்த்தேன். வேலை நன்றாகத்தான் இருக்கிறது. இறுக்கமாக, சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஒயர்களில் என் டேப் இல்லை.

நீ வயரிங் செய்த ஒவ்வொரு வண்டியிலும் ஒயர் நுனியில் கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்தது நான். பார்க்கிங்குக்கு டேப் கிடையாது. பிரேக்குக்கு ஒரு சுற்று, ரிவர்ஸுக்கு இரண்டு சுற்று, இண்டிகேட்டருக்கு முடிச்சு. கடைக்கு வருகிறவர்கள் "எதுக்குங்க இது?" என்று கேட்டால், "எங்க கடை வழக்கம்" என்று நீ கெத்தாகச் சொல்வாய். உனக்குச் சிவப்பும் பழுப்பும் ஒன்றுதான் என்று யாருக்கும் தெரியாது. பச்சை அடிமரமும் பழுப்பு இலையும் வரைந்து டீச்சரிடம் உதை வாங்கினாயே, அன்றிலிருந்து எனக்கு மட்டும் தெரியும். அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

அன்று கருகிய கப்ளரோடு ஒயர் நுனிகளையும் வெட்டி எறிந்திருக்கிறாய். டேப்பும் அதோடு போய்விட்டது. உன் கையில் மிச்சம் இருந்தது பிரேக்குக்கு ஒரு சிவப்பு ஒயர், ரிவர்ஸுக்கு ஒரு பழுப்பு ஒயர். உனக்கு அது இரண்டு இருட்டு ஒயர். பத்தடி தூரத்தில், கதவுக்கு இந்தப் பக்கம், நான் உட்கார்ந்திருந்தேன். "அக்கா, இதுல எது செவப்பு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஓடி வந்திருப்பேனடா. நாம் எவ்வளவு அசிங்கமாகச் சண்டை போட்டிருந்தாலும் வந்திருப்பேன்.

ஆனால் எப்படிக் கேட்பாய்? சண்டையே அதைப் பற்றித்தானே. டிப்போவில் கண் சோதனைக்குக் காட்டும், கலர்ப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புள்ளிப் படங்களை வரிசையாக மனப்பாடம் செய்ய என்னைக் கூட உட்காரச் சொன்னாய். மாட்டேன் என்றேன். அங்கே டேப் சுற்ற நான் இருக்க மாட்டேன், பஸ் வேலை உனக்கு வேண்டாம், இங்கேயே இரு என்றேன். நீ என்ன சொன்னாய்? "உன் கண்ணை நம்பியா நான் பொழைக்கிறேன்?" அதைச் சொல்லிவிட்டு வெளியே போய் என் வண்டியில் அதை நிரூபித்திருக்கிறாய்.

எப்படிச் சோதித்தாய் என்பதும் எனக்குத் தெரியும். பிரேக் விளக்கைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மிதிக்க, ஒருவர் பின்னால் நிற்க. பெயிண்ட் அடித்து வந்த அன்று நீ மிதித்தாய், நான் பின்னால் நின்று "சரி" என்றேன். அதனால்தான் சொல்கிறேன், பெயிண்டர் மேல் ஒரு பொட்டுத் தப்பும் இல்லை. மார்ச் இரண்டாம் தேதி நீ தனி ஆள். வண்டியைச் சுவருக்கு ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தி, பிரேக்கை மிதித்து, கண்ணாடி வழியாகச் சுவரைப் பார்த்திருக்கிறாய். பட்டப்பகலில் அந்தச் சுவரில் வெளிச்சம் விழுந்தது. எரிகிறது என்று நினைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அது என்ன நிறம் என்று உனக்குச் சொல்ல ஆள் இல்லை.

அதன் பிறகு பின்னால் வந்தவன் எல்லாம் என்னைப் பார்த்து ஹாரன் அடித்தான். மரியாதை தெரியாத ஊர் என்று கண்ணாடியில் முறைத்துக்கொண்டே ஓட்டினேன். உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள்.

இன்னொன்று. இத்தனை கடிதத்தில் ஒரு இடத்தில்கூட அந்தத் தையற்காரர் எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கவில்லை. வலது காலால்தான் அவர் மிஷினை மிதிக்கிறார். இனி மிதிக்க முடியுமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரு செஞ்ச வேலைம்மா அது?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமைக்குள் உன் டிப்போ மேலதிகாரியிடம் போய் உன் கண்ணைப் பற்றி நீயே சொல். நீ சொன்னால் அது உன் கௌரவம். நான் சொல்ல வேண்டி வந்தால் அது வேறு.

அக்கா


செவ்வாய், மார்ச் 18

அக்கா,

கேட்கவில்லை என்கிறாய். கேட்கப் பயமாக இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது அல்லவா? நேற்று உன் கடிதம் வந்ததிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை. அது உனக்குப் போதுமா?

ஆனால் நீ கேட்பது என்ன என்று யோசித்துப் பார். மேலதிகாரியிடம் போய் "எனக்கு நிறம் தெரியாது, படத்தை மனப்பாடம் செய்து ஏமாற்றினேன்" என்று சொல்ல வேண்டுமாம். அடுத்த நிமிடம் என்னை வெளியே தள்ளுவார்கள். அதோடு முடியுமா? எந்தக் கடையில் எனக்கு ஒரு ஹாரன் மாற்றும் வேலை கிடைக்கும்? எனக்கு வேறு என்ன தெரியும்? பத்து வயதிலிருந்து இந்த ஒயரைத்தான் கடித்துத் துப்பிக்கொண்டிருக்கிறேன். கண்ணில் கோளாறு என்பது நானாகக் கேட்டு வாங்கியதா? இங்கே நான் கவனமாக இருக்கிறேன். கப்ளரில் நம்பர் போட்டிருக்கும். எண்ணிப் பார்த்து மாட்டுகிறேன். ஒரு புகார் வந்ததில்லை.

நீ மனது வைத்தால் எல்லாம் முடியும். பெயிண்டர் விளக்கைக் கழற்றினான் என்பது பொய் இல்லை. கழற்றினான். மாட்டும்போது மாற்றிவிட்டான் என்று சொன்னால் யார் மறுக்கப்போகிறார்கள்? அவனுக்கு லைசென்ஸா, டிப்போ வேலையா? திட்டு வாங்குவான், அடுத்த நாள் வேறு வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பான். எனக்கு அப்படி இல்லை.

நீ தயங்குவாய் என்று தெரியும். அதனால் இன்று காலை நானே இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன், கடைசியாக விளக்கைக் கழற்றியது பெயிண்டர் என்று. வியாழக்கிழமை அவனையும் வரச்சொல்கிறார்கள். நீ ஒன்றும் பேச வேண்டாம். அவர்கள் கேட்டால் தலையை மட்டும் ஆட்டு.

சொன்னாய் என்றால் எனக்கு அக்காவே இல்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

தம்பி


வியாழன், மார்ச் 20

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொன்னேன் என்று நீ வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது. அதனால் ஆபீஸிலிருந்து வந்த கையோடு எழுதுகிறேன்.

பெயிண்டர் எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நகத்தில் மட்டும் என் வண்டி மஞ்சள் இன்னும் போகவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அக்கா, நான் விளக்கைக் கழட்டினது உண்மை. ஆனா ஒயரைப் பிரிக்கவே இல்லக்கா. அப்படியே பேப்பர் சுத்தித் தொங்கவிட்டுத்தான் அடிச்சேன். எனக்கு அதெல்லாம் தெரியாதுன்னு உங்களுக்கே தெரியும்ல?"

கெஞ்சினார். யாரிடம் கெஞ்சுகிறார் என்று அவருக்குத் தெரியவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதை இத்தனை நாளும் பேச்சுக்குச் சொல்லியிருக்கிறேன். அதை நேரில் பார்த்தால் எப்படி இருக்கும் என்று இன்று பார்த்தேன். அதைச் செய்தது நான் வளர்த்த பையன். டேய், எனக்கு வந்த ஆத்திரத்தில் நீ எதிரே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒயரை மாற்றிப் போட்டதுகூடக் கை தவறியது என்று விட்டிருப்பேன். இது கை தவறியதா? போனை எடுத்து, நம்பரை அழுத்தி, ஒரு ஏழையின் பெயரைச் சொன்னாய்.

இன்ஸ்பெக்டரம்மா கேட்டார்: "பெயிண்டர் மாத்தி மாட்டிட்டாருன்னு உங்க தம்பி போன்ல சொன்னாரு. அப்படித்தானாம்மா?"

"இல்லீங்க" என்றேன். "பெயிண்ட் அடிச்சு வந்த அன்னைக்கு நானே பின்னாடி நின்னு பார்த்தேன். செவப்புதான் எரிஞ்சுது. மாத்தினது என் தம்பி. மார்ச் ரெண்டாம் தேதி. அவனுக்குச் செவப்பும் பழுப்பும் பிரிச்சுத் தெரியாது. நான்தான் கூட நின்னு சொல்லுவேன். அன்னைக்கு நான் நிக்கல."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அவரு எங்க வேலை பார்க்கிறாரு?"

அத்தான் பக்கத்தில் இருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பஸ் டிப்போவில" என்றேன்.

"எழுதிக்கிட்டா அப்புறம் திரும்ப எடுக்க முடியாதும்மா. கூடப் பிறந்தவர்னு சொல்றீங்க."

"எழுதிக்குங்க" என்றேன்.

பெயிண்டரை அனுப்பிவிட்டார்கள். அவர் வாசல் வரை போய்த் திரும்பி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. என் லைசென்ஸை மூன்று மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஓட்டும் முன் விளக்கைப் பார்க்க வேண்டியது நான்தானாம். நியாயம்தான், வாதாடவில்லை. தையற்காரர் வீட்டுக்கும் போனேன். யார் செய்தது என்று அவர் மனைவி கேட்டதற்கு இன்று பதில் சொன்னேன். அவர் என்னைத் திட்டினார், வாசலில் நின்று கேட்டுக்கொண்டேன். உனக்குச் சேர வேண்டியதில் பாதி அது. மீதியை நீ வந்து வாங்கிக்கொள்.

எனக்கு அக்காவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். எழுதிக்கொள். எனக்குத் தம்பி இருக்கிறான். அவன் இன்னொருவன் காலை உடைக்க நான் விட மாட்டேன்.

அக்கா


திங்கள், மார்ச் 24

நீ சொன்ன அன்று மாலையே டிப்போவுக்குப் போன் வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். புள்ளிப் படப் புத்தகத்தை எடுத்து, இந்த முறை பக்கத்தை மாற்றி மாற்றிக் காட்டினார்கள். நானே புத்தகத்தை மூடி அவர்கள் பக்கம் தள்ளினேன். ஃபோர்மேன் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார். கூட வேலை பார்க்கிறவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தன் மட்டும் கையில் இருந்த துணியைக் காட்டி, "இது என்ன கலர், சொல்லு?" என்றான். சிரித்தார்கள். உன்னை நினைத்துக்கொண்டேன். நல்ல வார்த்தையில் இல்லை.

பிறகு நான் வந்த நாள் முதல் கை வைத்த வண்டிகளையெல்லாம் வரிசையாக நிறுத்தச் சொன்னார்கள். நான் போகாமல் அங்கேயே நின்றேன். போகச் சொன்னபோதும் நின்றேன். ஒன்றில்கூடத் தப்பு இருக்காது, பார்த்துவிட்டு இவர்களே என்னிடம் தலைகுனியட்டும், அப்புறம் உன் முகத்தில் எறிவது போல ஒரு கடிதம் எழுதலாம் என்றுதான் நின்றேன். முதல் வண்டி சரி. அடுத்ததும் சரி. ஃபோர்மேனே கொஞ்சம் இளகிவிட்டார். "வேலை சுத்தமாத்தான்யா பண்ணியிருக்க" என்றார்.

கடைசியில் நின்றது மலைப்பாதை வண்டி. அதில் கப்ளர் பழசு, நம்பர் தேய்ந்துபோயிருந்தது. நான் கண்ணை நம்பி மாட்டியது அது ஒன்றுதான். டிரைவர் சீட்டில் ஏறியவர் இடது இண்டிகேட்டரைப் போட்டார். பின்னால் வலது பக்கம் மின்னியது.

அவர் மறுபடி போட்டுப் பார்த்தார். மறுபடியும் வலது.

அது என் வேலைக்குப் பிறகு மறுநாள் காலைதான் முதல் டிரிப் போக வேண்டிய வண்டி. அந்தப் பாதையில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. முன்னால் போகிற பஸ் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்துத்தான் பின்னால் வருகிறவன் ஏறிப் போவான்.

எனக்கு உன் மேல் கோபம் போகவில்லை. அதைத் தெரிந்துகொள். ஃபோர்மேன் முன்னால் நான் நின்ற நிலையை நீ பார்த்திருக்க வேண்டும். டயர்க் கூடத்தில் வேலை இருக்கிறது, வேண்டுமானால் இரு என்கிறார்கள். டயர் கறுப்பு, அதில் குழப்பம் இல்லை என்று அங்கேயும் ஒருத்தன் சிரித்தான். முடிவு எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன். உன் வீட்டுக்கு அல்ல. தையற்காரர் வீட்டுக்கு, பிறகு பெயிண்டர் வீட்டுக்கு. நீ கூட வர வேண்டாம்.

மறுநாள் காலை டிப்போ வாசலில் நின்றேன். மலைப்பாதை வண்டியை ஓரம்கட்டிவிட்டதால் வேறு வண்டி வரத் தாமதமானது. ஜனங்கள் மூட்டையும் பையுமாக வெயிலில் நின்று முணுமுணுத்தார்கள். கைக்குழந்தை வைத்திருந்த ஒரு அம்மா என் காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"நேரத்துக்கு ஒரு வண்டி ஒழுங்கா விடத் தெரியாதா உங்களுக்கு? கொழந்தையோட எவ்வளவு நேரமா நிக்கிறேன் தெரியுமா?"

வேறு வண்டி வந்தது. அவர் என்னைத் திட்டிக்கொண்டே அதில் ஏறிப் போனார்.

தம்பி